ஏணையைப் பார்த்த கமரா

கல்முனைக் கடைத்தெருவில் யாருக்காவது கமரா பூட்ட வேண்டுமென்றால் மர்சூக்கைத்தான் கூப்பிடுவார்கள். றமீஸ் என்ற பங்காளியோடு கமராக் கடை வைத்திருந்தவன் அவன். நகைக்கடை, மருந்துக்கடை, பள்ளிவாசல் உண்டியல், கோழிப்பண்ணை என்று அவன் ஏணி வைக்காத இடம் குறைவு. உச்சியில் நின்றுகொண்டு, "இந்த மூலையில இருந்து பாத்தா ஒருத்தனும் தப்ப ஏலா" என்று அவன் சொல்லும்போது கீழே நிற்கும் முதலாளியின் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைத்தான் அவன் விற்றான். தனக்கென்று அதில் ஒரு துளியும் எடுத்து வைக்கவில்லை. வேலையாட்களை நம்பிக் கெட்டவர்களின் கதைகளை ஆண்டுக்கணக்காகக் கேட்டவன் அவன். மனிதர்கள் அவனுக்கு இரண்டு வகையாகத் தெரிந்தார்கள்: பிடிபட்டவர்கள், இன்னும் பிடிபடாதவர்கள்.

பிறந்தது சாய்ந்தமருதில். கல்யாணம் முடித்தது மருதமுனையில். அந்தக் கிழக்குக் கரையின் வழக்கப்படி பெண்ணின் வீட்டுக்கே குடிவந்தான். வீடு அவன் மனைவி பஸ்னாவின் பேரில் இருந்தது. அவளுடைய உம்மா தறிக்கூலியை மிச்சம் பிடித்துக் கட்டிக் கொடுத்த வீடு அது. அதில் ஒரு ஆணி அடிப்பதானாலும் மர்சூக் பஸ்னாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான். அது மரியாதையா, வாடகைக்கு இருப்பவனின் பழக்கமா என்று அவனுக்கே தெளிவில்லை.

பிள்ளை பிறந்தபோது வழக்கம் கைகொடுக்கவில்லை. பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்ணுடைய உம்மாவின் பொறுப்பு. மாப்பிள்ளையின் ஆட்கள் வந்து பார்த்து, உடுப்பும் பிள்ளையைக் குளிப்பாட்டச் சவர்க்காரமும் வைத்துவிட்டுப் போவார்களே தவிரத் தங்க மாட்டார்கள். பஸ்னாவின் உம்மா உயிரோடு இல்லை, அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டா. கூடப் பிறந்த றிபா கட்டாரில் புருசனோடு இருந்தாள். பிள்ளையை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"ஆளொண்டு பாருங்க மச்சான்," என்றாள் பஸ்னா. "வேல பழகின ஆளாப் பாருங்க. எனக்கு எழும்பி இரிக்கவும் ஏலாம இரிக்கி."

"ஆளெண்டா, ஊட்டுக்குள்ளயா?"

"இல்ல, தெருவுல நிப்பாட்டி வெப்பம்."

மர்சூக்கின் லாத்தா, அவனோடு கூடப் பிறந்த மூத்தவ சபூறா, தானே வந்து நிற்பதாகச் சொன்னா. "நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இரிக்கக்குள்ள, என்னத்துக்குத் தம்பி ஊராளுக்குக் கதவத் திறக்கிற?" அவனுக்கு அது நியாயமாகவே பட்டது. பஸ்னாவுக்குப் படவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் பத்துப் பேர் கேட்க, "ஆம்புளப் புள்ளையெண்டு நெனச்சம், வெட்டியும் பொம்புளதான்" என்று சொன்னவ சபூறா. அந்தச் சொல் பஸ்னாவின் தையலை விட ஆழமாக இறங்கியிருந்தது.

"மதினி நல்ல மனிசிதான்," என்றாள் பஸ்னா. "ஆனா இந்த நாப்பது நாளும் முடியுமட்டும் அவக்குத் தலையாட்ட எனக்கித் தெம்பில்ல. என்ன அழ விடாத ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். ஆனால் அது கிடைக்க மர்சூக்கைக் கடந்து வர வேண்டியிருந்தது.

கல்முனையில் எல்லாரும் மிஸ் என்று அழைக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர், பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடுகளுக்கு அனுப்பி வந்தார். அங்கிருந்து முதலில் வந்தவள் அதிகம் கதைத்தாள். இவள் இந்த வீட்டுக் கதையை வெளியே கொண்டுபோவாள் என்று மர்சூக் அவளை அனுப்பிவிட்டான். அடுத்து வந்தவள் குறைவாகக் கதைத்தாள். எதையோ மறைக்கிறாள் என்று அவளையும் அனுப்பினான். சந்தேகத்துக்கு இப்படி ஒரு வசதி உண்டு. எந்தச் சாட்சி வந்தாலும் அதைத் தன் பக்கமே பேச வைத்துவிடும்.

மூன்றாவதாக வந்தவள் உசாந்தினி. பாண்டிருப்புக்காரி. நீலச் சட்டையும், இழுத்துக் கட்டிய கொண்டையுமாக வந்து, உட்காரச் சொல்லும்வரை நின்றாள்.

"புருசன் என்ன செய்யிறார்?"

"கடலுக்குப் போறவர், நானா." அண்ணனுக்கு முஸ்லிம்கள் சொல்லும் சொல்லாலேயே அவனை அழைத்தாள்.

"இதுக்கு முந்தி எங்க வேல செஞ்ச?"

"கல்முனையில ஒரு வீட்ட நிண்டனான்."

"ஏன் விட்ட?"

"அந்த வீட்டுக் கதைய இந்த வீட்ட கதைக்கக் கூடா நானா. மிஸ் எங்களுக்கு அதத்தான் முதல்ல சொல்லித் தந்தவ. நாளைக்கு உங்கட வீட்டுக் கதையயும் நான் வேற இடத்தில கதைக்க மாட்டன்."

உள்ளறையிலிருந்து பஸ்னாவின் குரல் வந்தது. "மச்சான், இவவையே வெச்சிருங்க."

நல்ல பதில்தான். மர்சூக்குக்கு அதில்தான் சிக்கல். உண்மை தட்டுத் தடுமாறித்தான் வரும், ஒத்திகை பார்த்ததுதான் இப்படி வழுக்கிக்கொண்டு வரும் என்பது அவன் கணக்கு. அன்று பின்னேரமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனான். அவள் வீடு இருப்பதாகச் சொன்ன ஒழுங்கையில் ஒரு சந்துக் கடையில் நின்று, வேண்டாத சோடா ஒன்றைக் குடித்தபடி விசாரித்தான்.

"உசாந்தினியோ? நல்ல பிள்ளை," என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் நின்ற ஒருவர், "வாய் கொஞ்சம் கூட," என்று சிரித்தார்.

முதலாவது ஆளை அவன் நம்பவில்லை. எல்லாரையும் நல்ல பிள்ளை என்று சொல்கிற முகம் என்று ஒதுக்கினான். இரண்டாவது ஆளை உடனே நம்பினான். வேலையை ஏன் விட்டாள் என்பது யாருக்கும் தெரியவில்லை. அது அவனுக்குக் கடைசிவரை தெரியவும் போவதில்லை.

பஸ்னா விட்டுக்கொடுக்காததால் உசாந்தினி வேலைக்கு வந்தாள். காலையில் வருவாள். நொச்சியும் பாவட்டையும் அவித்த நீரில் பஸ்னாவைத் துடைத்துவிடுவாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், துணி அலசுவாள், பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன்னம் போய்விடுவாள். மர்சூக் பகல் முழுக்க வெளியில். ஒரு அந்நியப் பெண் தன் பிள்ளையோடு என்ன செய்கிறாள் என்று தெரியாமல் ஏணியில் நிற்பது அவனுக்கு ஒவ்வவில்லை.

வீடுகளுக்குக் கமரா பூட்டப் போனால் அவனுக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. வாசலுக்கும் வளவுக்கும் மட்டும்தான் பூட்டுவான். உள்ளே பூட்டச் சொல்லி வற்புறுத்துபவர்களிடம், "பொண்டுகள் பொழங்கிற இடம் ஹாஜியார், என்னால ஏலா," என்று முகத்துக்கு நேரே மறுத்திருக்கிறான். அப்படி மறுத்து வேலை இழந்ததும் உண்டு. அந்த ஒழுங்கை அவன் முதன்முதலாக மீறியது தன் சொந்த வீட்டில். தன் வீடு என்றுதான் அவன் அப்போது நினைத்துக்கொண்டான்.

மின்குமிழ் போலவே இருக்கும் ஒரு வகைக் கமரா உண்டு. பஸ்னா கண்ணயர்ந்திருந்த ஒரு மத்தியானம், உசாந்தினி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, ஹோலில் பிள்ளையின் துணித் தொட்டில், அந்த ஏணை, தொங்கிய இடத்துக்கு மேலே அதைப் பூட்டினான். கேட்டால் குமிழ் பழுது, புதிது போட்டேன் என்று சொல்ல இருந்தான். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஏணி உச்சியில் நின்றும், தேநீர்க் கடையில் இருந்தும் அவன் போனைத் திறந்து பார்த்தான். உசாந்தினி பிள்ளையைத் தொட முன்னம் கை கழுவினாள். ஏணைத் துணியை உதறி மறுபடி கட்டினாள். பஸ்னாவின் முதுகுக்குத் தலையணை வைத்தாள். குறை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அதுவே ஒரு குறையாக அவனுக்குத் தோன்றத் தொடங்கியது. கமரா இருப்பதை அறிந்தவள்தான் இவ்வளவு ஒழுங்காக இருக்க முடியும்.

பிறகு ஒரு நாள் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். படத்துக்குச் சத்தம் இல்லை. பஸ்னா தையலில் கையை வைத்துக்கொண்டு, நோவோடு சிரித்தாள். உசாந்தினி தாடையை முன்தள்ளி, கண்ணைச் சுருக்கி யாரையோ நடித்துக் காட்டினாள். அந்தத் தாடை யாருடையது என்று மர்சூக் நெடுநேரம் யோசித்தான். கடைக் கண்ணாடியில் தன் தாடையை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"இண்டைக்கு என்ன கதைச்ச?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"ஒண்டுமில்ல," என்றாள் பஸ்னா.

அவள் சிரித்தது அவனுக்குத் தெரியும். அவள் இல்லை என்கிறாள். இப்படி அவனுடைய மனைவியும் இன்னும் பிடிபடாதவர்களில் ஒருத்தியானாள். மனைவி சிரித்தாளே என்று ஒருவன் சந்தோசப்பட்டிருக்கலாம். பிள்ளை கிடைத்த நாளிலிருந்து அவள் சிரித்ததை அவன் கண்டதேயில்லை. அது அவனுக்குத் தோன்றவில்லை.

சபூறா ஒரு பக்கம் ஒவ்வொரு மத்தியானமும் சரக்குக் கறி அனுப்பிக்கொண்டிருந்தா. பால்சுறாவும் உள்ளியும் மிளகும் போட்டு, பிள்ளை பெற்றவளுக்கென்றே அம்மியில் அரைத்து வைக்கும் கறி. கேரியரை அவ வீட்டார் கொண்டுவந்து வாசலில் வைத்து, பின்னேரம் வெறுமையாக எடுத்துப் போவார்கள். வெறும் கேரியரைப் பார்த்துச் சபூறாவுக்கு உள்ளம் குளிரும்.

அந்தக் கிழமைதான் மர்சூக் போனில் அதைக் கண்டான். உசாந்தினி போகத் தயாராகிறாள். வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள். ஷொப்பிங் பேக்கில் இறுக்கிக் கட்டிய ஒரு பொட்டலத்தைத் தன் கைப்பைக்குள் வைக்கிறாள். மறுநாளும் அதே பார்வை, அதே பொட்டலம். மர்சூக் போனில் அதே இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். அதில் கோபத்தோடு கொஞ்சம் திருப்தியும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அலுமாரிக்குள் பஸ்னாவின் உம்மாவுடைய நகை இருந்தது.

ஆனால் ஒரு அந்நியப் பெண்ணின் பையை அவன் தொடுவது எப்படி? அது ஆகாது. அதற்கு ஒரு பெண் வேண்டும். அவன் சபூறாவுக்குப் போன் எடுத்தான். "லாத்தா, ஒரு அலுவல். சாட்சிக்கு ஒரு ஆள் வேணும், ஊட்டடிக்கு வாங்க." சபூறா இப்படியான அழைப்புக்கு இரண்டாம் முறை சொல்ல வைப்பவ அல்ல.

இருவரும் உள்ளே வந்தபோது உசாந்தினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். பஸ்னா ஹோலில் ஏணைக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்தாள்.

"ஒரு நிமிசம்," என்றான் மர்சூக். "அந்த பேக்குக்குள்ள என்ன இரிக்கி எண்டு லாத்தா பாக்கட்டும்."

உசாந்தினி அவனைப் பார்த்தாள். பிறகு பஸ்னாவைப் பார்த்தாள். பஸ்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேணாம் மதினி," என்றாள் பஸ்னா. "விடுங்க."

அந்த 'விடுங்க' சபூறாவின் கையை இன்னும் வேகமாக்கியது. பொட்டலத்தை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. அப்படியே நின்றா.

"இது என்ட கறி," என்றா.

ஏணை மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஓம் மதினி," என்றாள் பஸ்னா. "நான்தான் குடுத்தனுப்பின. வாயில வெச்சா ஓங்காளிச்சிட்டு வருகுது. திருப்பி அனுப்பினா நீங்க மனசு நோவீங்க. வளவுல கொட்டினா பூன இழுத்துத் தெருவுல போடும்."

"சுபஹோட எழும்பி அரைச்ச நான்," என்றா சபூறா. பிறகு உசாந்தினியின் பக்கம் திரும்பினா. "நீ கொட்டிப்போட்டியா?"

"இல்ல அக்கா, பாவம் தானே. எங்கட அவர் சோத்தோட சாப்பிடுறவர். நல்ல ருசியாம்."

"அல்லாஹ். பாண்டிருப்பு மீன்காரனுக்கா நான் இவ்வளவு நாளும் பத்தியம் காத்த? அவன் இப்ப பிள்ளப் பெத்த ஒடம்பு மாதிரித் தேறி இரிப்பானே."

உசாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. சபூறாவுக்கும் உதட்டோரம் கொஞ்சம் வந்து திரும்பிப் போனது. அத்தோடு அது ஒரு பகிடியாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. பஸ்னா யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இவ பேக்குல பொட்டலம் வைக்கிறது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஆரோ சொன்ன."

"ஆரு? ஊட்டுல நாங்க ரெண்டு பேரும்தான் இரிந்த. புள்ள சொன்னாளா?"

மர்சூக்கின் கண் ஒரு நொடி மேலே போய் வந்தது. பிறர் கண் போகும் இடத்தைப் பார்த்துப் பிழைக்கும் அவன், தன் கண்ணைக் காக்கத் தவறினான். மூன்று பெண்களும் மேலே பார்த்தார்கள்.

"அந்தக் குமிழ் எரியிறல்ல எண்டு நேத்தும் சொன்னன் தானே தங்கச்சி," என்றாள் உசாந்தினி மெல்ல.

பஸ்னா முந்தானையை இழுத்துத் தலையை மூடினாள். இவ்வளவு நாளும் அந்த இடத்தில் தலை திறந்து, மார்பு திறந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தவள், எல்லாம் முடிந்த பிறகு மூடினாள்.

"ஆரு பாத்த?"

"நான் மட்டும்தான். சத்தியமா."

"எந்த எக்கவுண்ட்ல போட்ட? கடையிடதா?"

அந்தக் கேள்விதான் அவனைப் பிடித்தது. போனில் பார்ப்பதற்காக எல்லாக் கமராவையும் கடையின் இணையக் கணக்கில் சேர்ப்பது அவன் கைப்பழக்கம். இதையும் யோசியாமல் அப்படியே சேர்த்திருந்தான். அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவனுடைய பங்காளி றமீஸுக்கும் தெரியும். உலகத்தில் ஒருவரையும் நம்பாதவன், தன் மனைவி பால் கொடுக்கும் இடத்தை இன்னொரு ஆணின் போனுக்குள் திறந்து வைத்திருந்தான்.

"தம்பி," என்றா சபூறா, முதன்முறையாகச் சத்தம் இறங்கி. "என்ன வேல செஞ்ச நீ?"

உசாந்தினி பையை மாட்டிக்கொண்டாள். "நானும் அதுக்குள்ள இருக்கன் தானே நானா," என்றாள். "குனிஞ்சது நிமிந்தது எல்லாம்." பிறகு பஸ்னாவின் தோளைத் தொட்டாள். "நான் வாறன் தங்கச்சி."

"நாளைக்கு?"

"மிஸ்ஸோட கதைச்சுப் பாக்கன்."

வரமாட்டாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. அந்தத் தாதியின் நிலையத்திலிருந்து மறுநாள் பஸ்னாவுக்குத்தான் போன் வந்தது. உள்ளே கமரா வைத்த வீட்டுக்கு இனி ஒருவரையும் அனுப்ப முடியாது என்று சொன்னார்கள். பஸ்னா அதை மர்சூக்கிடம் சொல்லும்போது திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு இலேசாக இருந்திருக்கும்.

அவன் குமிழைக் கழற்றி உடைத்துவிட்டு, கடைக்குப் போய் றமீஸின் முன்னால் நின்றான்.

"நீ பாத்தியா?"

"என்னத்தடா?"

சொன்னான். றமீஸின் முகம் கறுத்தது. "நான் ஏன்டா ஒன்ட ஊட்டுக்குள்ள பாக்க?"

"பாத்தியா இல்லையா, அதச் சொல்லு."

"இல்லெண்டா நம்புவியா?"

மர்சூக் அவன் கண்களைத்தான் உற்றுப் பார்த்தான்.

"அப்ப என்னத்துக்குக் கேக்கிற?" என்று சொல்லிவிட்டு றமீஸ் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான்.

பார்த்திருக்கலாம், பார்க்காமலும் இருக்கலாம். அதை அறிய வழியில்லை. றமீஸின் சொல்தான் ஒரே சாட்சி. ஒரு மனிதனின் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று மர்சூக் எந்நாளும் பழகியிருக்கவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து, "இல்லையாம்," என்று மட்டும் பஸ்னாவிடம் சொன்னான்.

"நீங்க நம்புறீங்களா?"

"தெரியா."

"எனக்கும் தெரியா," என்றாள் பஸ்னா. "ஒங்களப் பத்தியும் தெரியா."

சபூறா கறி அனுப்புவதை நிறுத்திவிட்டா. ஆனாலும் தம்பிக்குப் போன் எடுத்து, தான் வந்து நிற்கவா என்று கேட்டா. பஸ்னா தலையை ஆட்டி மறுத்தாள்.

"அப்ப ஆரு?" என்றான் மர்சூக்.

"நீங்க நில்லுங்க."

"நானா? எனக்கு இதுல என்ன தெரியும்?"

"நான் சொல்லித் தாறன். இது என்ட ஊடு. இதுக்குள்ள ஆரு வாற, ஆரு நிக்கிற எண்டு இனி நான்தான் பாக்கிற. ஆள் கெடைக்கிற வரைக்கும் நீங்க. ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க."

அந்த ஊரில் பிள்ளை பெற்ற வீட்டில் ஆண் வாசலோடு நிற்பவன். மீன் வாங்கிக் கொடுப்பான், மருந்து வாங்கிக் கொடுப்பான், அவ்வளவுதான். மர்சூக் வேலையை றமீஸிடம் விட்டுவிட்டு வீட்டில் நின்ற செய்தி ஒழுங்கை முழுக்கப் போனது. "என்ன மர்சூக், நொச்சி பறிக்கிற? மருத்துவிச்சி வேலைக்கு லைசன் எடுத்தாச்சா?" என்று வேலிக்கு அப்பால் ஒருவர் கேட்டார். "எங்கட ஊட்டுலயும் ஒண்டு வரப்போகுது, நேரத்தோட சொல்லி வெக்கன்," என்றார் இன்னொருவர். அவன் தலையைக் குனிந்துகொண்டு இலையைப் பறித்தான்.

திருந்திவிட்டான் என்று சொல்ல இது போதாது. வேலைக்காகத்தான் நின்றான். நிற்காமல் இருக்க வழியில்லாததால் நின்றான். பிள்ளையின் துணியை அலசி, முதல் தடவை அழுக்குப் போகாமல் மறுபடி அலசினான். ஏணை கட்டினான். பஸ்னா அதைத் தன் கையால் இழுத்துப் பார்த்து, முடிச்சை அவிழ்க்கச் சொன்னாள். மறுபடி கட்டினான். பால் கொடுக்கும் நேரம் அவள் அறைக்குள் போய்க் கதவுக் கொளுக்கியைப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் ஒவ்வொரு முறையும் ஹோலில் இருந்த அவனுக்குக் கேட்டது. அவன் எழுந்து குசினிப் பக்கம் போவான், செய்ய வேலை இல்லாவிட்டாலும்.

அன்று காலை பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் கலந்து பேசினைக் கொண்டுவந்து வைத்தான். பஸ்னா சுவரைப் பிடித்து மெதுவாக வந்து, முழங்கையைத் தண்ணீரில் வைத்தாள்.

"கூடச் சூடு."

பச்சைத் தண்ணீர் ஊற்றினான். அவள் மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இப்ப?"

"பொறுங்க." எடுத்து, துடைத்து, மூன்றாம் முறையும் வைத்தாள். "சரி. இறக்குங்க."

பிள்ளையை அவன் இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கினான். கால்களை உதைத்து அவன் சட்டை முழுக்க நனைத்தது. பஸ்னா போய் உட்காரவில்லை. தையல் நோகும் நேரம்தான், இருந்தாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குளிப்பாட்டி முடியும்வரை அவன் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"கழுத்த விடாதீங்க," என்றாள்.

"விடல்ல," என்றான் அவன், நிமிராமல்.